மூலை சேராத பூ

கொட்டகலை

அன்பு மகளுக்கு,

நீ ஏழு அறுகோணத் துணித் துண்டைச் சேர்த்துத் தைத்து அனுப்பிய பூவின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் மஞ்சள், சுற்றிவர ஆறு நீலம். நிறம் நன்றாகச் சேர்ந்திருக்கிறது. ஆனால் பூ தட்டையாகக் கிடக்காமல் கிண்ணம் மாதிரி எழும்பி நிற்கிறது. இரண்டு மூலையில் துவாரம். வலது பக்கத்தில் வெள்ளை நூல் பல் பல்லாக வெளியே தெரிகிறது. "எனக்கு இதெல்லாம் கை வராது" என்று எழுதியிருந்தாய். கையில் பிழை இல்லை மகள். மூன்றுக்கும் காரணம் சொல்ல முடியும். அதிலும் பாதி, நீ ஊசியை எடுக்கும் முன்பே நடந்துவிட்டது.

கிண்ணம் மாதிரி எழும்பியதற்குக் காரணம் கடதாசி. கடதாசித் துண்டின்மேல் துணியை மடித்து, அந்தத் துண்டுகளைக் கையால் இணைத்துத் தைக்கும் இந்த வேலைக்கு இங்கிலிஷ் பேப்பர் பீசிங் என்று பெயர். இதில் அளவு முழுவதும் கடதாசியில்தான் இருக்கிறது. துணி அதைச் சுற்றிய உறை மட்டும்தான். ஒவ்வொரு மூலையிலும் மூன்று அறுகோணங்கள் கூடுகின்றன. மூன்றுக்கும் 120 பாகை இருந்தால் 360 வந்து தட்டையாகப் படியும். ஒன்றில் குறைந்தாலும் துணிக்கு வேறு வழியில்லை, மேலே எழும்பத்தான் செய்யும். நீ ஒரு அறுகோணத்தை வெட்டி, அதை வைத்து அடுத்ததைக் கீறி, அதை வைத்து அதற்கடுத்ததைக் கீறியிருப்பாய். அப்படிச் செய்தால் பென்சில் கோட்டின் தடிப்பு ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போகும். ஏழாவது துண்டு முதலாவதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும்.

ஒரே ஒரு தாய்த் துண்டு வைத்துக்கொள், மற்ற எல்லாவற்றையும் அதை வைத்தே கீறு. கவராயத்தை 1 அங்குலத்துக்கு விரித்து வட்டம் போடு. விரிவை மாற்றாமல் வட்டத்தின் மேலேயே ஆறு தடவை அடையாளம் வைத்துக்கொண்டு வந்தால் ஆறாவது அடையாளம் தொடங்கிய புள்ளியிலேயே வந்து விழும். புள்ளிகளை அடிமட்டத்தால் இணைத்தால் ஒரு பக்கம் 1 அங்குலமுள்ள அறுகோணம் கிடைக்கும். இந்த வேலையில் அளவு சொல்வது எப்போதும் பக்கத்தின் நீளத்தைத்தான். மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அது 2 அங்குலம், பக்கத்திலிருந்து எதிர்ப் பக்கத்துக்கு 1.73. வாங்கும்போதும் கேட்கும்போதும் இதில்தான் பலர் குழம்புகிறார்கள். அங்குலத்தில் சிலதும் இரண்டரைச் சென்ரிமீற்றரில் சிலதுமாக வெட்டாதே. வித்தியாசம் அரை மில்லிமீற்றர்கூட இல்லை, ஆனால் பூவில் அது தெரியும். கடையில் பிரின்ட் எடுத்தால் "தாளுக்குள் அடக்கு" என்ற தெரிவை நீக்கிவிட்டு 100 சதவீதத்தில் எடுக்கச் சொல். முதல் தாளை அடிமட்டம் வைத்துப் பார்த்த பிறகு மற்றதை எடு. போட்டோகொப்பியிலிருந்து போட்டோகொப்பி எடுப்பதும் வேண்டாம், அளவு நழுவும்.

எந்தக் கடதாசி என்று கேட்டிருந்தாய். டிமை தாள் மெல்லிது. துணியை மடித்து இழுத்தவுடன் ஓரம் உள்ளே வளையும், பக்கம் குட்டையாகிவிடும். கலண்டரின் பின்மட்டை தடிப்பு, ஊசி சறுக்கும். பிரிஸ்டல் போட் சரி. கலியாண அழைப்பிதழும் திருவிழா அழைப்பிதழும் இன்னும் நல்லது, பள்ளிக்கூடக் காலத்திலிருந்து சேர்ந்தது வீட்டில் ஒரு பெட்டி இருக்கிறது. ஆனால் நிறமாக அச்சடித்த பகுதி வேண்டாம், வெள்ளைப் பின்பக்கம் உள்ளதாகப் பார். ஈரச் சூட்டில் அயன் பண்ணினால் மை துணியில் ஏறிவிடும். ஒவ்வொன்றின் நடுவிலும் பஞ்சரால் ஒரு துளை போட்டு வை. பிறகு கடதாசியை எடுக்கும்போது அந்தத் துளையில் குரோஷே ஊசியை விட்டு இழுத்தால் கிழியாமல் வரும்.

துணிக்கு வருகிறேன். பொப்ளின், பழைய பருத்திச் சாரம், சட்டைத் துணி, இவை போதும். பருத்தியை நகத்தால் கீறினால் மடிப்பு நிற்கும். பொலியெஸ்டர் கலந்தது நிற்காது, திரும்ப எழும்பும். சந்தேகமாக இருந்தால் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டு. பருத்தி சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகிக் கட்டியாகும். வாயில் சேலை மெல்லியது, உள்ளே மடித்த துணி வெளியே நிழலாகத் தெரியும். கைத்தறியின் நெசவு இளக்கம், ஓரம் பிரியும். பத்திக் அழகுதான், நெசவும் இறுக்கம். ஆனால் நிறம் கசியலாம். ஈரமான வெள்ளைத் துணியை அதன்மேல் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு எடு. எந்தத் துணியானாலும் முதலில் துவைத்துக் காயவைத்து அயன் பண்ணிய பிறகே வெட்ட வேண்டும்.

துணியை அறுகோணமாக வெட்டிக் கஷ்டப்படாதே. 1 அங்குலத் துண்டுக்கு இரண்டரை அங்குலச் சதுரம் வெட்டி, கடதாசியை நடுவில் வைத்து, சுற்றிவர கால் அங்குலம் விட்டு மூலைகளைக் கத்தரி. கால் அங்குலத்துக்குக் குறைந்தால் மடிப்பு நழுவி மூலை அவிழும்.

நீ பசை போட்டு மடித்திருக்கிறாய் என்று நினைக்கிறேன், ஓரம் விறைப்பாகத் தெரிகிறது. கொழும்பில் சரிவரலாம். இங்கே மழை மாதங்களில் பசைக்குச்சி காயவே காயாது. கடதாசி நமத்துப்போய், எடுக்கும்போது துணியோடு ஒட்டிக் கிழியும். நூல் போட்டு மடிப்பதையே நான் நல்லது என்பேன். டெயிலர்கள் டாக்கிங் என்று சொல்லும் தற்காலிகத் தையல்தான். முதல் பக்கத்தை மடி, அடுத்த பக்கத்தை அதன்மேல் மடி, இரண்டு மடிப்பும் ஏறி நிற்கும் மூலையில் துணியை மட்டும் பிடித்து இரண்டு தடவை குத்து. நூலை அறுக்காமல் அடுத்த மூலைக்குப் போ. கடதாசியைக் குத்தவே கூடாது. ஆறு மூலையும் முடிந்ததும் முதல் மூலையில் ஒரு பின்தையல் போட்டு அறு. இந்த நூல் கடைசிவரை உள்ளேயே இருக்கும், பிரிக்கத் தேவையில்லை. ஒன்றரை அங்குலத்துக்கு மேற்பட்ட துண்டென்றால் பக்கத்தின் நடு தொய்யும். அதற்கு மட்டும் வேறு நிற நூலால் கடதாசியோடு சேர்த்து ஒரு தையல் போட்டு, பிறகு பிரித்துவிடு. எல்லாத் துண்டையும் ஒரே திசையில் சுற்றி மடித்துவா. அப்போதுதான் பின்பக்கத்தில் மூலைகள் ஒன்றன்மேல் ஒன்று குவியாமல் படியும். மடிக்கும்போது துணி கடதாசியை அணைத்தபடி இருந்தால் போதும். நாண் மாதிரி இழுத்தால் கடதாசி வளைந்துவிடும்.

இனி நூல் வெளியே தெரிவது. நீ எடுத்தது மெத்தைக்கும் பொத்தானுக்கும் போடும் தடித்த நூல். 50 அல்லது 60 இலக்கப் பருத்தி நூல் வாங்கு. இலக்கம் கூடக்கூட நூல் மெல்லிது. ஊசியும் அப்படித்தான். 5/10 என்று எழுதிய சாதாரணப் பக்கெட்டில் 10ஆம் இலக்கம்தான் ஆகச் சின்னது, அதுதான் உனக்கு வேண்டும். நூலை 18 அங்குலத்துக்கு மேல் எடுத்தால் முறுக்கும். தேன்மெழுகில் ஒரு தடவை இழுத்துக்கொள். ஒரு துண்டு மஞ்சள், ஒன்று நீலம் என்றால் கடுமையான நிறத்துக்குப் பொருந்தும் நூல் எடு. எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்றால் சாம்பல் நிறம்.

இரண்டு துண்டையும் நல்ல பக்கம் உள்ளே இருக்க முகத்துக்கு முகம் வைத்து, மூலையோடு மூலை சேர்த்துப் பிடி. விளிம்பைச் சுற்றிச் சுற்றி எடுக்கும் தையல் இது. ஊசி விளிம்புக்கு நேர்க்குறுக்காகப் போக வேண்டும். சாய்ந்து போனால் முன்பக்கத்தில் சரிந்த கோடாகத் தெரியும். ஒவ்வொரு பக்கத்து மடிப்பிலிருந்தும் ஓர் இழை, கூடினால் இரண்டு இழை. கடதாசியில் குத்தினால் விரலிலேயே தெரியும், கறுக்கென்று தடுக்கும். உடனே ஊசியைப் பின்னுக்கு இழுத்து மேலே எடு. ஓர் அங்குலப் பக்கத்துக்கு 14 முதல் 16 தையல் வேண்டும். உன் போட்டோவில் எண்ணினேன், எட்டு. கடதாசி இருக்கும்வரை எட்டும் பிடிக்கும், எடுத்த பிறகு இடைவெளி வாய் திறக்கும். நூலை ஒவ்வொரு குத்துக்கும் சுண்டி இழுக்காதே, தையல் படிந்தால் போதும். இழுத்தால் பக்கம் சுருங்கும். உன் பூ எழும்பியதில் அதற்கும் பங்கு இருக்கிறது.

மூலைத் துவாரத்துக்கு வழி இதுதான்: மூலையில் தொடங்காமல் சுமார் 3 மில்லிமீற்றர் உள்ளே தொடங்கு. மூலைக்குப் பின்னோக்கித் தைத்துப் போய், அங்கே இரண்டு தடவை குத்தி, பிறகு முன்னோக்கித் திரும்பு. மறுமூலையிலும் அப்படியே இரட்டைக் குத்து. நடு மஞ்சளோடு முதல் இதழைத் தைத்து, இரண்டாவது இதழையும் மஞ்சளோடு தைத்ததும், நூலை அறுக்காமல் மஞ்சளை நடுவால் மடித்துவிடு. இரண்டு இதழ்களின் பக்கமும் தானாக நேருக்கு நேர் வரும். உள்ளேயிருந்து வெளியே தைத்துக்கொண்டு போ. கடதாசி மடங்கினால் பயப்படாதே, அயனில் நேராகும். ஆறு இதழும் சுற்றி முடிந்ததும் நடுக் கடதாசியை எடுக்கலாம். சுற்றிவர தைக்கப்படாத துண்டிலிருந்து மட்டும் எடுக்காதே. ஓரத்துத் துண்டுகளின் கடதாசி கடைசிவரை இருக்கட்டும்.

குழந்தைப் போர்வை என்றாயே, 36க்கு 45 அங்குலம் என்றால் 1 அங்குலத் துண்டு ஏறக்குறைய 650 வேண்டும். 36 அங்குல அகலத் துணி ஒரு யாரில் (கஜத்தில்) 196 சதுரம் வரும், ஆக மூன்றரை யார். அது கூடுதலாகத் தோன்றினால் ஒன்றரை அங்குலத்துக்கு மாறு. 300 துண்டு, மூன்றரை அங்குலச் சதுரம், 3 யார். முதல் போர்வைக்கு நான் அதையே சொல்வேன். உள்ளே பழைய பிளனல் விரிப்பு ஒன்று போதும்.

இங்கிலாந்தில் இருக்கிற, ஆண்டு போட்ட ஒட்டுத்துணி வேலைகளில் மிகப் பழையது 1718ஆம் ஆண்டுப் பட்டு விரிப்பு. அதுவும் கடதாசி வைத்துத் தைத்ததுதான், உள்ளே கடதாசி இன்னும் இருக்கிறது. பழைய போர்வைகளுக்குள் கடிதமும் கணக்குத் தாளும் அகப்பட்டு, அதிலிருந்து காலத்தைக் கண்டுபிடித்தவர்களும் உண்டு. அதனால் பழைய அழைப்பிதழை வெட்டுவதைக் குறைவாக நினைக்காதே.

ஊருக்கு வரும்போது மடித்த துண்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவா. ரயிலில் தைக்கலாம். பஸ்ஸில் வேண்டாம், கினிகத்தேனைக்கு மேலே வளைவுகளில் ஊசி கையில் ஏறும். இங்கே வந்ததும் ஊசியைத் துணியில் குத்தி வைக்காதே. இந்தப் பனி ஈரத்தில் துரு பிடித்துப் பழுப்புக் கறை விழும், அது போகாது.

அந்தப் பூவைப் பிரி. நூலை உருவ வேண்டாம், மூன்று தையலுக்கு ஒன்றாக வெட்டிவிட்டு மெல்ல விரி, துணி பழுதாகாமல் வரும். கடதாசி ஏழையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார். எது வெளியே தள்ளுகிறதோ அதைத் தாய்த் துண்டோடு ஒப்பிட்டு மாற்று. திரும்பத் தைத்ததும் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. முன்பக்கத்தைப் பிறகு பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா