மில் தொழிலாளர்களின் மனநலக் கணக்கை யார், எப்படி எடுக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூற்பாலைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் வேலை செய்பவர்களில் பாதிப்பேருக்கு மனச்சோர்வு என்ற வகையில் ஆய்வுச் செய்திகள் அவ்வப்போது நாளிதழ்களில் வருகின்றன. பெரும்பாலும் கல்லூரி ஆய்வேடுகளிலிருந்தும் கருத்தரங்கக் கட்டுரைகளிலிருந்தும் எடுத்த சதவீதங்கள். அக்கறையோடுதான் வெளியிடுகிறீர்கள். ஆனால் அந்தச் சதவீதம் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கணக்குத் தப்பானால் வைத்தியமும் தப்பாகவே போய்ச் சேரும். மில்லில் இரண்டு மணி நேரம் யோகா வகுப்பு நடக்கும், கவுன்சலிங் நடக்கும். ஷிப்ட்டும் கடனும் இருந்தபடியே இருக்கும். ஆகவே கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பகுதியில் ஆய்வு செய்யும் மாணவர்களும் அவர்களின் வழிகாட்டிகளும் கவனிக்க வேண்டிய சிலவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

இந்த ஆய்வுகளில் அதிகம் பயன்படுவது மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாள். இலவசமாகக் கிடைப்பது, தமிழிலும் உண்டு. கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண்; மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மிதமான மனச்சோர்வாவது இருக்கலாம் என்று கொள்வார்கள். இந்தக் கேள்விகளில் மூன்றாவது தூக்கம், நான்காவது அசதி, ஐந்தாவது பசி பற்றியவை. பகல், அரை நைட், முழு நைட் என்று வாரம் மாறி ஷிப்ட் பார்க்கும் ஒரு பெண்ணிடம் இவற்றைக் கேட்டுப் பாருங்கள். தூக்கம் கெட்டிருக்கும், உடம்பு அசந்திருக்கும், நேரம் தவறிய சாப்பாட்டில் பசி போயிருக்கும். மூன்றுக்கும் ‘ஏறக்குறைய தினமும்’ என்றால் 9 மதிப்பெண் அங்கேயே விழுந்துவிடுகிறது. கவனம் சிதறுகிறதா என்ற ஏழாவது கேள்விக்குச் ‘சில நாட்கள்’ என்று சொன்னால் பத்து. மனசில் துக்கமோ வெறுப்போ துளியும் இல்லாமலே அவர் மனச்சோர்வுப் பட்டியலில் ஏறிவிடுவார்.

அவருக்குக் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. தூக்கம் பறிபோவதே பெரிய கேடு. ஆனால் அதற்கு மருந்து ஷிப்ட் மாற்றத்தில் இருக்கிறது. அதைப் பிரித்துக் காட்ட இரண்டு காரியம் செய்தால் போதும். கேள்வித்தாளின் முதல் பக்கத்திலேயே கடந்த 14 நாளில் எத்தனை நாள் எந்த ஷிப்ட், எத்தனை நாள் ஒன்றரை ஷிப்ட் என்று குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, கூட்டுத்தொகையோடு நிற்காமல், இந்தக் கேள்வித்தாளுக்கே உள்ள மற்றொரு முறையிலும் கணக்கிட வேண்டும்: குறைந்தது 5 அறிகுறிகள் பாதி நாட்களுக்கு மேல் இருக்க வேண்டும் (ஒன்பதாவது கேள்வி மட்டும் ‘சில நாட்கள்’ என்றாலும் கணக்கில் சேரும்), அவற்றில் ஒன்றாவது, எதிலும் நாட்டமின்மை அல்லது மனம் சோர்ந்திருத்தல் என்ற முதல் இரண்டு கேள்விகளில் வந்திருக்க வேண்டும். இரண்டு முறையிலும் வரும் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால், ஷிப்ட்டின் பங்கு எவ்வளவு என்று வாசிப்பவருக்கே ஓரளவு தெரிந்துவிடும்.

அடுத்த தவறு, நோய் இருக்கக்கூடியவர்களை முதலில் சலித்தெடுக்க மட்டுமே உதவும் இத்தகைய சல்லடைக் கேள்வித்தாளில் சிக்கியவர்களையெல்லாம் நோயாளி என்று எழுதுவது. பிஎச்க்யூ-9 பற்றி 2001இல் வெளியான மூல ஆய்வில், பத்து என்ற வரம்பு, நோய் உள்ள நூறு பேரில் 88 பேரைச் சரியாகப் பிடித்தது. இல்லாத நூறு பேரில் 88 பேரைச் சரியாக விலக்கியது. நல்ல கருவிதான். ஆனால் ஆயிரம் தொழிலாளர்களில் உண்மையில் 50 பேருக்கு மனச்சோர்வு நோய் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் 44 பேர் பிடிபடுவார்கள். மீதி 950 பேரில் நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் 114 பேர் தவறாக உள்ளே வருவார்கள். ஆக 158 பேர். அதில் நோய் உள்ளவர் 44 பேர்தான். ஐந்து சதவீதம் தாளில் பதினாறு சதவீதமாக நிற்கும். ஆகவே பத்தும் அதற்கு மேலும் வந்த அனைவரையும், பத்துக்குக் கீழே வந்தவர்களில் பத்தில் ஒருவரையும், பயிற்சி பெற்ற மனநல வல்லுநர் நேரில் பேசி உறுதிசெய்ய வேண்டும். அதற்கு வசதியில்லையென்றால் ‘மனச்சோர்வுக்கான அறிகுறிகள்’ என்று மட்டும் எழுதலாம். அதில் ஒரு தாழ்வும் இல்லை.

2015-16இல் பெங்களூருவிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்கள் இருந்தன. நேர்காணல் முறையில் எடுத்த அந்தக் கணக்கில், அப்போது ஏதாவதொரு மனநலப் பாதிப்போடு இருந்த பெரியவர்கள் 10.6 சதவீதம், மனச்சோர்வு நோய் மட்டும் 2.7 சதவீதம். அதன் பக்கத்தில் ஒரு மில்லில் ஐம்பது சதவீதம் என்று வந்தால், ஒன்று மில்லில் ஏதோ பெரிதாகக் கெட்டிருக்கிறது, இல்லை அளவுகோல் இடறியிருக்கிறது. இரண்டையும் சோதிக்காமல் அச்சுக்குக் கொடுக்கக் கூடாது.

அந்தத் தேசியக் கணக்கெடுப்பும் வீடு வீடாகச் சென்று எடுத்ததுதான். மில் விடுதியில் தங்கியிருக்கும் பெண்களும், காம்பவுண்டு லைன் வீடுகளில் ஓர் அறைக்கு ஏழெட்டுப் பேராகத் தங்கும் ஒடியா, இந்தி, வங்காளி பேசும் இளைஞர்களும் அப்படிப்பட்ட பட்டியல்களில் எளிதில் விடுபடுவார்கள். வாக்காளர் பட்டியலை வைத்து ஆள் எடுத்தாலும் இதே கதிதான்; வெளிமாநிலத்தவரின் ஓட்டு பெரும்பாலும் சொந்த ஊரில் இருக்கிறது. இவர்களைத் தனிப் பட்டியலாக எடுக்க வேண்டும். கேட்பவர் அவர்களின் மொழி பேசுபவராக இருக்க வேண்டும். கூட வேலை செய்பவரை மொழிபெயர்க்க வைப்பது கூடவே கூடாது. மறுநாள் அதே மிஷின் வரிசையில் அவர் பக்கத்தில்தான் உட்கார வேண்டும்.

இன்னொரு விடுபடல் கண்ணுக்கே தெரியாதது. உடம்பும் மனசும் தாங்காதவர்கள் வேலையை விட்டுத் தேனிக்கோ இராமநாதபுரத்துக்கோ ஒடிசாவுக்கோ போய்விடுகிறார்கள். மிஞ்சியிருப்பவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு ‘இங்கே பாதிப்புக் குறைவு’ என்று எழுதினால் நிர்வாகம் மகிழும், ஆய்வு பொய்யாகும். கடந்த 12 மாத வருகைப் பதிவேட்டில் நின்றுபோனவர்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி, அவர்களில் சிலரையாவது தொலைபேசியில் பேசிச் சேர்க்க வேண்டும். நிர்வாகம் தர மறுத்தால், மறுத்தது என்று கட்டுரையில் எழுத வேண்டும்.

எத்தனை பேரைக் கேட்பது? பத்து சதவீதம் இருக்கும் என்று ஊகித்து, மூன்று சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்று வைத்தால் 384 பேர் என்று வாய்பாடு சொல்லும். பெரும்பாலோர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஒரே மில்லில் ஒரே வார்டன், ஒரே சூப்பர்வைசர், ஒரே மெஸ் சாப்பாடு. அங்கே 20 பேரைக் கேட்பது 20 தனித்தனி ஆட்களைக் கேட்பதற்குச் சமமாகாது. ஒரே மில்லைச் சேர்ந்தவர்களின் பதில்கள் ஒத்துப்போகும் அந்த ஒற்றுமையின் அளவை (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் முழு ஒற்றுமை) 0.05 என்று எடுத்தால், 1 கூட்டல் 19 (இருபதில் ஒன்று குறைத்து) பெருக்கல் 0.05, அதாவது 1.95 மடங்கு ஆட்கள் தேவை. 384 என்பது 749 ஆகும். பத்தில் ஒருவர் மறுப்பார் என்று சேர்த்தால் ஏறத்தாழ 832. மில்லுக்கு 20 பேர் வீதம் 42 மில்கள். தெரிந்த மேனேஜர் உள்ள மூன்று மில்லில் 384 தாளை நிரப்பி வாங்கிவருவது இந்த வேலைக்கு ஈடாகாது. 42 மில்லுக்கு ஒரு மாணவரால் போக முடியாது என்பது உண்மை. அப்படியானால் நான்கைந்து கல்லூரிகள் சேர்ந்து ஒரே கேள்வித்தாளோடு செய்யட்டும். ஆளுக்கொரு சிறு ஆய்வேடு என்ற பழக்கத்தை வழிகாட்டிகள்தான் மாற்ற வேண்டும்.

எங்கே வைத்துக் கேட்கிறார்கள் என்பதில்தான் ஆய்வு அதிகம் கெடுகிறது. மனிதவளப் பிரிவு வாட்ஸ்அப் குழுவில் கூகுள் படிவத்தை அனுப்பினால், பெயர் கேட்காவிட்டாலும் பதில் நிர்வாகத்துக்குப் போகும் என்றே தொழிலாளி நினைப்பார். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றால் ‘அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தானுங்க இருக்கறேன்’ என்ற பதில்தான் வரும். சனிக்கிழமை சம்பளம் வாங்கும் நேரத்தில் கேட்டாலும் ஒழுங்கான பதில் வராது. ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிக்கு வெளியே, பெண்களிடம் பெண்களே கேட்பது நல்லது. வீட்டுக்குப் போனால் இருவராகப் போக வேண்டும். ஒருவர் மாமியாரிடமோ கணவரிடமோ வேறு கேள்விகளோடு உட்கார, மற்றவர் அந்தப் பெண்ணிடம் தனியே பேசலாம். கணவரின் அடி உதை பற்றிய கேள்வி இருந்தால் ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பு விதி. இடையில் யாராவது உள்ளே வந்தால் பேச்சை மாற்ற, சமையல் பற்றியோ குழந்தையின் தடுப்பூசி பற்றியோ சில கேள்விகளைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

கடனைப் பற்றி ‘உண்டா, இல்லையா’ என்று கேட்டுப் பயனில்லை. எல்லோரும் உண்டு என்பார்கள். வாரம் எத்தனை குழுக் கடன் தவணை, மொத்தம் எவ்வளவு, வாரச் சம்பளத்தில் அது எத்தனை பங்கு, கடந்த 4 வாரத்தில் எத்தனை தவணை தவறியது, தவறினால் வீட்டு வாசலில் யார் வந்து உட்காருகிறார்கள் என்று கேட்க வேண்டும். பள்ளிபாளையம், சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுபவர்களிடம் முன்பணம் எவ்வளவு, அது தீராமல் வேறு தறிக்குப் போக முடியுமா என்பதையும் சேர்க்க வேண்டும். கடனால் சோர்வா, சோர்ந்து வேலைக்குப் போகாததால் கடனா என்பது ஒரே தடவை கேட்டால் தெரியாது. அதே ஆட்களை 6 மாதத்திலும் 12 மாதத்திலும் மறுபடி பார்த்தால்தான் சொல்ல முடியும்.

சாதியை முதல் பக்கத்தில் பிசி, எம்பிசி, எஸ்சி என்று ஒரு கட்டம் போட்டு முடித்துவிடுகிறார்கள். வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போது ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று கேட்டார்களா, கேட்டபின் வீடு கிடைத்ததா, விடுதி அறை எப்படிப் பிரிக்கப்பட்டது என்பவைதான் மனசைத் தொடும் கேள்விகள்.

பிஎச்க்யூ-9இன் ஒன்பதாவது கேள்வி, உயிரோடு இருப்பதைவிடச் செத்துப்போகலாம் என்ற நினைப்பையோ தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் நினைப்பையோ பற்றியது. கூகுள் படிவத்தில் ஒருவர் இதற்கு ‘தினமும்’ என்று தட்டிவிட்டுப் போகிறார். ஆய்வாளர் மூன்று வாரம் கழித்துக் கணினியைத் திறக்கிறார். இதைவிடப் பெரிய பொறுப்பின்மை ஆய்வில் கிடையாது. நேரில் கேட்க முடியாதவர்கள் இந்தக் கேள்வியை வைக்கவே கூடாது. வைத்தால், இதில் ஒரு மதிப்பெண் வந்தாலும் தாளை மூடிவிட்டு அங்கேயே பேச வேண்டும்: எப்போதிருந்து, ஏதாவது திட்டம் உண்டா, கூட யார் இருக்கிறார்கள். ஆபத்து உடனடி என்று பட்டால் தனியே விடக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்த நாளில் எங்கே இருப்பார் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கி வைத்திருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் பிறரிடம் சொல்வோம் என்பதை ஒப்புதல் படிவத்தில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்போதும் முதலில் சொல்லக் கூடாதவர் சூப்பர்வைசர். வேலை போய்விடும் என்ற பயமே அந்த நினைப்புக்குக் காரணமாக இருக்கலாம்.

ஒப்புதல் என்றதும் மேனேஜரின் கையெழுத்தைக் காட்டுகிறார்கள். அது உள்ளே நுழைய அனுமதி, அவ்வளவே. 18 வயது நிரம்பாத பெண்ணுக்குப் பெற்றோரின் ஒப்புதலும் அவருடைய சம்மதமும் வேண்டும்; வார்டன் பெற்றோர் ஆகமாட்டார். அட்டவணையில் ஒரு கட்டத்தில் ஐந்துக்கும் குறைவானவர்கள் வந்தால் எண்ணை வெளியிடாமல் விடுங்கள். ‘தேனி, 24 வயது, பேட்லாக் டெய்லர் (பனியன் தைக்கும் ஒருவகை மிஷினில் தைப்பவர்)’ என்றால் கம்பெனியில் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய செய்தி வெளியிடும்போது, எந்தக் கேள்வித்தாள், எந்த மதிப்பெண்ணுக்கு மேல், எத்தனை பேரை அணுகி எத்தனை பேர் மறுத்தார்கள், எங்கே வைத்துக் கேட்டார்கள், பணம் கொடுத்தது யார் என்ற ஐந்தையும் ஆய்வாளரிடம் கேட்டு, செய்தியிலேயே போடுங்கள். பதில் தராதவரின் சதவீதத்தைத் தலைப்பில் வைக்காதீர்கள். செய்தியின் அடியில் மத்திய அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலிமானஸ் 14416, தமிழக அரசின் 104 ஆகிய உதவி எண்களையும் கட்டம் கட்டி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மனநல ஆய்வில் ஈடுபட்டுள்ள சமூகப்பணி ஆசிரியர்கள் சிலர்,
கோவை, திருப்பூர், ஈரோடு.