கூழ் குடித்து மூன்றாம் நாள்

கொக்குவில்,
வெள்ளிக்கிழமை.

அன்பின் குணம்,

உன் கடிதமும் அதோடு வந்த சலச் (சிறுநீர்ச்) சோதனை அறிக்கையும் கிடைத்தன. ‘ஆசனிக், லீற்றருக்கு 480 மைக்கிரோகிராம்’ என்ற வரியில் நீ சிவப்புக் கோடு போட்டிருந்ததைக் கண்டதும் எனக்கும் திடுக்கிட்டுத்தான் போனது. ஊர்க் கிணற்றுத் தண்ணீர்தான் காரணமோ என்று கேட்டிருக்கிறாய். பிறகு மேல்மூலையில் இருந்த திகதியைப் பார்த்தேன். அப்போதுதான் மூச்சு வந்தது.

யோசித்துப் பார். நல்லூர்க் கொடியேறி 25 நாளும் நீ மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் தொடவில்லை. திருவிழா முடிந்த கையோடு எங்கள் வளவில் கூழ் காய்ச்சினோம். நண்டும் இறாலும் கணவாயும் போட்ட ஒடியல்மாக் கூழ், பனையோலைப் பிளாவில் நீ மூன்று தரம் வாங்கிக் குடித்தாய். அடுத்த இரவு விமானம். ரொறன்ரோவில் இறங்கிய மறுநாள் சலம் கொடுத்திருக்கிறாய். நண்டிலும் இறாலிலும் இயல்பாகவே ஆசனிக் உண்டு. அதில் பெரும்பகுதி ஆசனோபீட்டைன் என்ற சேர்மமாக இருக்கும். அது உடம்பில் மாறாமல் இரண்டு மூன்று நாளில் சலத்தோடு வெளியேறிவிடும், நஞ்சும் இல்லை. கடலுணவு சாப்பிட்டவரின் சலத்தில் மொத்த ஆசனிக் பல நூறாக ஏறுவது புதுமையல்ல. இதே சோதனையைத் திருவிழா நடுவில் செய்திருந்தால் அந்த வரியை நீ கவனித்தே இருக்கமாட்டாய்.

பாறையிலிருந்து தண்ணீருக்கு வரும் கனிம ஆசனிக்தான் பயப்பட வேண்டியது. உன் அறிக்கை இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகத் தந்திருக்கிறது. ஆகவே நாலு நாள் மீன், நண்டு, இறால் ஒன்றும் தொடாமல் இருந்து மறுபடி சலம் கொடு. ‘வகை பிரித்து அளக்க வேண்டும்’ என்று வைத்தியரிடம் கட்டாயம் சொல். சலம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று காட்டும் கிரியற்றினினையும் சேர்த்து அளக்கச் சொல். விமானத்தில் தண்ணீர் குடிக்காமல் வந்தவனுக்குச் சலம் தடித்திருக்கும், எல்லா எண்ணும் ஏறித்தான் தெரியும். கிணற்றைப் பற்றிய சந்தேகத்துக்கு உன் சலம் பதில் சொல்லாது. தண்ணீரையே தனியாகச் சோதிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் எல்லை லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம். உங்கள் கிணற்றில் ஒரு போத்தல் நானே அள்ளிக் கொடுக்கிறேன். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் தோட்டத்து உரத்தால் வரும் நைத்திரேற்றுத்தான் எனக்குப் பெரிய கவலை, அதையும் பார்க்கச் சொல்கிறேன்.

நீ ரசிப்பாய் என்று ஒன்று சொல்லவேண்டும். இந்த உலோகங்களை அளக்கும் கருவி சலத்தை நுண்துளிகளாக்கி ஆகன் வாயுவில் எரியும் பிளாஸ்மா என்ற மின்னேற்றச் சுவாலைக்குள் விடும். அதன் வெப்பம் ஆயிரக்கணக்கான பாகை. அங்கே எல்லாம் அணுக்களாக உடைந்து மின்னேற்றம் பெறும். அவற்றை நிறையின்படி பிரித்து எண்ணுவார்கள். ஆசனிக்கின் நிறை 75. சலத்தில் உப்பு உண்டல்லவா? உப்பின் குளோரின் 35, சுற்றியிருக்கும் ஆகன் 40. இரண்டும் ஒட்டிக்கொண்டால் அதுவும் 75! அப்படியே விட்டால் கருவி உப்பை ஆசனிக் என்று எண்ணிவிடும். அதனால் நடுவில் ஓர் அறைக்குள் ஹீலியம் நிரப்புகிறார்கள். ஒட்டிய சோடி பருமனானது, ஹீலியத்தோடு அடிக்கடி மோதி வேகம் இழந்து நின்றுவிடும். தனி ஆசனிக் தப்பிப் போய் எண்ணப்படும். எத்தனை வருடம் ஆய்வுகூடத்தில் நின்றும் இதை நினைக்கும்போது எனக்கு வியப்புத்தான்.

உன் சலத்தைச் சோதித்த அந்த நிலையம் விற்கும் உலோகம் நீக்கும் மாத்திரையைத் தயவுசெய்து தொடாதே. அதைக் கொடுத்துவிட்டுச் சலம் எடுத்தால் எல்லாருக்கும் உலோகம் கூடித்தான் வரும். அதை மாத்திரை குடிக்காதவர்களின் அளவோடு ஒப்பிட்டு ஆட்களை வெருட்டுவது முறையே இல்லை. அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி 2009இலேயே இதைக் கண்டித்திருக்கிறது.

இனி என் மனதில் கிடக்கும் விஷயம். பாசையூரில் என் மருமகன் வலைக்கு ஈயக்குண்டு வார்க்கிறான், குசினிக்குப் பின்னால், பழைய சட்டியில். மூன்று வயதுப் பேரன் அந்த மண்ணில்தான் விளையாடுகிறான். கையை வாயில் வைக்கிற வயது. விழுங்கிய ஈயத்தில் பாதிவரை குழந்தையின் உடம்பு இழுத்துவிடும். பெரியவர்களுக்குப் பத்தில் ஒன்றளவுதான். அமெரிக்காவில் 1960களில் குழந்தையின் இரத்தத்தில் டெசிலீற்றருக்கு (100 மில்லிலீற்றருக்கு) 60 மைக்கிரோகிராம் வரை பொறுத்துக்கொண்டார்கள். 1991இல் 10, 2012இல் 5, 2021இல் 3.5 என்று கீழே கொண்டுவந்துவிட்டார்கள்.

வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த ஓரிடத்தில் இப்படித்தான் ஈயம் உருக்கும் ஒருவர் வயிற்றுநோவோடு வந்தார். இரத்தத்தைச் சுழற்றிச் சீரம் என்ற தெளிந்த நீர்ப்பகுதியைப் பிரித்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பொதி கட்டியவன் நான். இரத்தத்திலுள்ள ஈயத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் செங்குழியங்களில் இருக்கும். அதை வீசிவிட்டு மிச்சத்தை அனுப்பினோம். ‘ஒன்றுமில்லை’ என்று பதில் வந்தது. மனுசன் கும்பிட்டுவிட்டுப் போய்த் திரும்பவும் உருக்கினார். அன்று எனக்கு இது தெரியாது. தெரிந்த பிறகு அவரைத் தேடினேன், இடம்பெயர்வில் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

அதனால்தான் இப்போது ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்கிறேன். ஈயத்துக்கு முழு இரத்தம், உறையாமல் ஈடிடிஏ போட்ட, உலோகம் அற்ற நீலமூடிக் குழாயில். ஆசனிக்குக்குச் சலம், இரத்தத்தில் அது சில மணித்தியாலத்தில் மறைந்துவிடும். கட்மியம் என்ற உலோகம் பல வருடமாகச் சேர்ந்ததா என்று பார்க்கச் சலம், அண்மையில் வந்ததா என்று பார்க்க இரத்தம். மீனால் வரும் பாதரசத்துக்கு இரத்தம். விரல் நுனியில் குத்தினால் தோலில் உள்ள ஈயத்தூசியும் சேர்ந்து எண் பொய்யாக ஏறும். கூடுதலாக வந்தால் நாளத்தில் எடுத்து உறுதிப்படுத்த வேண்டும்.

மருமகன் முதலில் கோபித்தான். ‘அப்பா காலத்திலிருந்து வார்க்கிறம் மாமா, ஒருத்தருக்கும் ஒன்றும் வரேல்லை’ என்றான். நான் வாதாடவில்லை. சட்டியை வீட்டைவிட்டுத் தள்ளிக் கடற்கரைப் பக்கம் கொண்டுபோக மகள் சம்மதிக்க வைத்துவிட்டாள். திங்கட்கிழமை பிள்ளைக்கு இரத்தம் எடுக்கிறோம். சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவி நானே கூட்டிப் போகிறேன். குழாயை இரண்டு தரம் பார்ப்பேன்.

உன் இரண்டாவது முடிவு வந்ததும் உடனே எழுது. கமலாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

என்றும் உன்,
சிவா