548 போதாது, 1255 வேண்டும்

ஆசிரியருக்கு,

போன ஞாயிறு அறிவியல் பக்கத்தில் வந்த புரோட்டான் மோதல் கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு இடம் உறுத்துகிறது. ஈட்டா மெசான் என்ற நுண்துகளின் நிறை, ஆற்றல் அலகில் சொன்னால், சுமார் 548 மெகா எலக்ட்ரான் வோல்ட், அதனால் மோதலில் அதை உண்டாக்க அவ்வளவு ஆற்றல் கொடுத்தாலே போதும் என்று எழுதிவிட்டீர்கள். போதாது ஐயா. சும்மா நிற்கும் புரோட்டான்மேல் இன்னொன்றை மோதவிட்டால், மோதிய பிறகும் எல்லாம் சேர்ந்து முன்னோக்கி ஓடியாக வேண்டும், அந்த ஓட்டத்துக்கே பாதிக்கு மேல் போய்விடும். கணக்குப் போட்டால், மோதும் புரோட்டானுக்குச் சுமார் 1255 மெகா எலக்ட்ரான் வோல்ட் இயக்க ஆற்றல் வேண்டும் என்று வருகிறது.

ஜெர்மனியின் யூலிக் நகரில், 184 மீட்டர் சுற்றளவுள்ள கோசி என்ற துகள் முடுக்கி வளையத்தில் இதைச் செய்தே காட்டினார்கள். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! மெசான் பிறந்த வேகத்தில் சிதைந்துவிடும், கையில் சிக்காது. வெளியே வரும் இரண்டு புரோட்டான்களையும் காந்தம் எவ்வளவு வளைக்கிறது என்று பார்த்து, உள்ளே போன ஆற்றலிலும் உந்தத்திலும் இருந்து வெளியே வந்ததைக் கழித்து, குறைவதற்கு ஈடான நிறை எவ்வளவோ அதை வரைந்தால் 548 பக்கத்தில் ஒரு கூர்மையான மேடு எழும்பும். கல்லாப் பெட்டியில் குறையும் காசை வைத்தே என்ன சரக்கு போனது என்று சொல்லிவிடும் கடைக்காரர் மாதிரி.

அப்புறம், நீங்கள் போட்ட படம் ஜெனீவா பக்கத்து 27 கிலோமீட்டர் துகள் முடுக்கிச் சுரங்கம். அங்கே இரண்டு கற்றையுமே எதிரெதிராக ஓடுகின்றன, கணக்கே வேறு.

– ஓர் இயற்பியல் ஆசிரியர்