ஏழாம் அத்தியாயத்தைக் காணவில்லை: மர்ம நாவல் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மொழிபெயர்ப்பு மர்ம நாவல்களை வெளியிட்டுவரும் பதிப்பாளர்களுக்கும், அவற்றைச் செப்பம் செய்துதரும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் ஒருவர் அண்மையில் கொண்டுவந்த கிழக்கு ஜெர்மனி நாவலைப் பற்றித்தான் இந்த மடல். எந்த நாவல் என்று உங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். படித்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். அதனால் பெயர் சொல்லி யாரையும் சந்திக்கு இழுக்கப் போவதில்லை. இதே வேலையை மற்றவர்களும் செய்துவருகிறீர்கள் என்பதால் பொதுவாகவே எழுதுகிறேன்.

கதை 1970களில், கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் நடக்கிறது. பழைய குடியிருப்பு ஒன்றின் மூன்றாம் மாடியில் அச்சகத் தொழிலாளி ஒருவர் செத்துக் கிடக்கிறார். மக்கள் போலீஸ் என்று அழைக்கப்பட்ட அந்நாட்டுக் காவல்துறையின் குற்றப் பிரிவு அதிகாரி விசாரிக்கிறார். கடைசி அத்தியாயத்தில் அவர் ஒரு நோட்டை மேசைமேல் போட்டு, “இதில் உங்கள் பெயர் ஒரு தடவைகூட இல்லை. மாட்டிக்கொண்டது அதனால்தான்” என்கிறார். கொலையாளி தலையைக் குனிந்துகொள்கிறான். கதை முடிந்தது.

எந்த நோட்டு? யார் எழுதியது? அதில் பெயர் இல்லாததால் ஒருவன் எப்படி மாட்டுவான்? எங்காவது விட்டுவிட்டேனோ என்று முன்னும் பின்னும் புரட்டினேன். புத்தகம் முழுக்க நோட்டு என்ற பேச்சே இல்லை. அப்புறம் ஆங்கிலப் பதிப்பை இரவல் வாங்கிப் பார்த்தால், ஏழாம் அத்தியாயம் முழுக்க அந்த நோட்டைப் பற்றித்தான். தமிழில் ஆறாம் அத்தியாயம் முடிந்ததும், எட்டாவது அத்தியாயம் ஏழு என்ற எண்ணோடு ஆரம்பித்துவிடுகிறது. எண் வரிசை மட்டும் அப்பழுக்கில்லாமல் இருக்கிறது. அந்தக் கவனத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

வெட்டப்பட்ட பக்கங்களில் இருந்தது என்ன என்று உங்களுக்கே ஒரு முறை சொல்லிவிடுகிறேன். கிழக்கு ஜெர்மனியில் குடியிருப்புக் கட்டடங்களில் வீட்டுப் பதிவேடு என்று ஒன்று இருந்தது. அந்த நோட்டு அதுதான். அங்கே வசிப்பவர்களின் விவரம் அதில் இருக்கும். வெளியூர் விருந்தாளி மூன்று நாளுக்கு மேல் தங்கினால் அவர் பெயரையும் வந்த நாள், போன நாளையும் பதிய வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும். இதைப் பார்த்துக்கொண்டவர் அரசு அதிகாரி அல்ல, அதே கட்டடத்தில் குடியிருக்கும் ஒருவர்தான். போலீஸ் வந்து கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும். ஸ்டாசி என்ற உளவுத்துறைக்கும் அது உதவியது.

நாவலில் அந்தப் பதிவேடு இரண்டாம் மாடியில் இருக்கும் ஒரு விதவையிடம் இருக்கிறது. கெட்டவள் இல்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுதுகிற அம்மாள். மேல்வீட்டு விருந்தாளியைப் படிக்கட்டில் பார்த்தால் உருளைக்கிழங்கு சூப் குடிக்கக் கூப்பிடுவாள். கரண்டியால் ஊற்றிக்கொண்டே, “நாளைக்கும் இருப்பீர்கள்தானே?” என்று கேட்பாள். அந்தக் கேள்வி உபசாரமா விசாரணையா என்பது வந்தவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அவளுக்கே தெரியுமா என்பதுகூடச் சந்தேகம்தான். செத்துப்போனவரைப் பார்க்க ஒரு நண்பன் அடிக்கடி வருகிறான். எப்போது வந்தாலும் மூன்று நாள் கெடு தாண்டுவதற்குள் கிளம்பிவிடுகிறான். மனசில் கள்ளம் இல்லாதவன் ஒரு தடவையாவது ரயிலைத் தவறவிட்டு, கூட ஒரு நாள் தங்கியிருப்பான், பதிவேட்டில் ஏறியிருப்பான். இவன் ஏறவே இல்லை. அதிகாரி பிடிப்பது அந்த இல்லாத வரியை. எவ்வளவு அழகான தடயம்! அதைத்தான் வெட்டியிருக்கிறீர்கள்.

அந்தப் பதிப்பகத்துக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். “சார், மர்ம நாவல்னா வேகம் இருக்கணும். ஒரு கிழவி நோட்டு எழுதுறதை யாரு சார் படிப்பாங்க?” என்றார் பேசியவர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. விலை, தாள், பக்க எண்ணிக்கை என்று உங்கள் தலைவலி உங்களுக்கு. கேட்பது ஒன்றே ஒன்றுதான்: வெட்டாமல் போடுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ‘சுருக்கப்பட்டது’ என்று அட்டையிலேயே போடுங்கள்.

கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் நடக்கும் துப்பறியும் கதைகளில் அன்றாட வாழ்க்கை என்பது கதைக்கு நடுவே வைத்த ஊறுகாய் அல்ல. குற்றம் நடப்பதும் மறைவதும் பிடிபடுவதும் அதற்குள்தான். சோவியத் நகரங்களின் பொதுக் குடியிருப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வீட்டில் பல குடும்பங்கள், ஆளுக்கு ஓர் அறை, எல்லோருக்கும் ஒரே சமையலறை. வாசல் மணியை இந்தக் குடும்பத்துக்கு இரண்டு தடவை, அந்தக் குடும்பத்துக்கு மூன்று தடவை அடிக்க வேண்டும் என்று கதவிலேயே எழுதியிருக்கும். ஸ்டாலின் ஆட்சியில் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கைதுசெய்த 1937இல், நள்ளிரவில் எத்தனை தடவை மணி அடித்தது என்பது ஒரு குடும்பத்தின் தலையெழுத்து. ருமேனியாவில் 1983 ஆணைப்படி தட்டச்சு இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதைப் போலீசில் பதிந்து, எழுத்து மாதிரியும் கொடுக்க வேண்டும். மொட்டைக் கடிதம் வருகிற கதையில் இதைச் சொல்லாவிட்டால் கதை எங்கே இருக்கிறது?

சீனாவில் 1955 முதல் 1993 வரை தானியக் கூப்பன் நடைமுறை. உள்ளூர்க் கூப்பன் அந்த மாகாணத்தோடு சரி. வெளி மாகாணம் போய்ச் சோறு வாங்கித் தின்ன தேசியக் கூப்பன் வேண்டும். ‘நான் ஊரைவிட்டே போகவில்லை’ என்பவன் பையில் தேசியக் கூப்பன் இருந்தால் போதாதா, சந்தேகம் கிளம்ப? ரேஷன் கடை வரிசையில் நின்று பழகிய நம் ஆட்களுக்கு இதைப் பாடம் நடத்திப் புரியவைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் வெட்டுகிறீர்கள். அலுவலகக் காட்சிகள். அதிகாரி மேலிடத்துக்கு அறிக்கை எழுதுவது, திருப்பி அனுப்புவது, கட்சிக் கூட்டம், மறுபடி அறிக்கை. சலிப்பாக இருக்கும்தான். ஆனால் கொன்றது யார் என்ற கேள்விக்கு முன்னால், கொலை நடந்ததை ஒப்புக்கொள்ளலாமா என்றே ஒரு கேள்வி அங்கே இருந்தது. 1978இல் சோவியத் நாட்டின் ரஸ்தோவ் வட்டாரத்து ஷாக்தி நகரில் ஒரு சிறுமி கொல்லப்பட்டாள். அலெக்சாந்தர் கிராவ்சென்கோ என்பவர்மேல் பழியைப் போட்டு 1983இல் மரண தண்டனையும் நிறைவேற்றினார்கள். உண்மையில் கொன்றவன் ஆந்திரேய் சிகாத்திலோ. அவனை 1984இல் ஒருமுறை பிடித்தும் கொலைக் குற்றம் நிரூபணம் ஆகாமல் தப்பினான். கடைசியாகச் சிக்கியது 1990 நவம்பரில். 52 கொலைகள் அவன் கணக்கில் நிரூபணம் ஆயின. தொடர்கொலை என்பதெல்லாம் முதலாளித்துவ நாடுகளின் நோய் என்ற நினைப்பில், பெற்றோரை எச்சரிக்கும் செய்திகூடப் பல ஆண்டுகள் பத்திரிகைகளில் வரவில்லை. இந்த நாவல்களில் கோப்பு மேசைக்கு மேசை நகரும் பக்கங்கள் அந்த மௌனம் எப்படி உண்டாயிற்று என்று காட்டுகிற பக்கங்கள். அங்கேதான் உங்கள் கத்தரிக்கோல் தவறாமல் விழுகிறது.

‘தமிழ் வாசகருக்குப் புரியாது’ என்ற பதிலும் ஒன்று உங்களிடம் உண்டு. ஐயா, பூ. சோமசுந்தரமும் ரா. கிருஷ்ணையாவும் மொழிபெயர்த்த சோவியத் புத்தகங்களைப் படித்து வளர்ந்த கூட்டம் இது. சமோவார் என்ற தேநீர்க் கொதிகலனை யாரும் நேரில் பார்த்ததில்லை. கோப்பெக் என்ற சில்லறைக் காசைச் செலவழித்ததில்லை. ஆனாலும் கிராமத்து நூலகத்தில் உட்கார்ந்து அதையெல்லாம் படித்தோம், புரிந்தும்கொண்டோம். அந்தப் புத்தகங்கள் காட்டிய சோவியத் நாட்டில் வராத பக்கங்கள் இருந்தன என்பது வேறு கதை. இப்போது அந்தப் பக்கங்கள் நாவலாக வரும்போது நீங்கள் மறுபடி எடுத்துவிடுகிறீர்கள். அன்று எடுத்ததற்குச் சித்தாந்தம் காரணம், இன்று வேகம் காரணம்.

சித்தாந்தம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இடதுசாரி நண்பர்கள் வருத்தப்படுவார்கள் என்று பயந்து வெட்டியதாக நான் நினைக்கவில்லை. ஏனென்றால் ஆட்சிக்கு ஆதரவான வரிகளும் போயிருக்கின்றன. லைப்சிக் அதிகாரி கட்சியை நம்புகிறவர். வாடகை சொற்பம், குழந்தைக்கு அரசுக் காப்பகம், மனைவிக்கு நிரந்தர வேலை. இதையெல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டு, ‘இந்த நாட்டை நான் ஏன் வெறுக்க வேண்டும்?’ என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். மூலத்தில் இரண்டு பக்கம். தமிழில் ஒரு வரி இல்லை. மிஞ்சியது என்ன? இருட்டு, பூட்ஸ் சத்தம், கதவு தட்டல். எழுதியவர் ஒரு சமூகத்தை எழுதினார், நீங்கள் பேய்க்கதை அச்சிட்டிருக்கிறீர்கள்.

அட்டையைப் பற்றிப் பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன், முடியவில்லை. கதை நடப்பது ஜூலை மாத லைப்சிக்கில். அட்டையில் பனி கொட்டுகிறது. பின்னால் மாஸ்கோ செஞ்சதுக்கத்தின் வெங்காயக் குவிமாடத் தேவாலயம். அரிவாள் சுத்தியலில் இருந்து ரத்தம் சொட்டுகிறது. பின்னட்டையில் ‘இரும்புத் திரைக்குப் பின்னால் இதயத்தை உறையவைக்கும்…’ என்று ஆரம்பித்து மூன்று ஆச்சரியக்குறிகள். உள்ளே மூல நூலின் ஆண்டு இல்லை, எந்த மொழியிலிருந்து வந்தது என்ற குறிப்பு இல்லை. மொழிபெயர்த்தவர் பெயரைத் தேடவே ஒரு துப்பறிவாளர் வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த நாவல்களை எழுதுகிறவர்கள் சும்மா கற்பனையில் எழுதுவதில்லை. ஸ்டாசி விட்டுப்போன கோப்புகளை அடுக்கினால் 111 கிலோமீட்டர் நீளம். 1992 முதல் அவை மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கின்றன. 1989இல் அந்தத் துறையில் முழுநேர ஊழியர்கள் மட்டும் சுமார் 91,000 பேர். வெளியே இருந்து தகவல் கொடுத்தவர்கள் அதைவிட அதிகம். ஆட்சி சரிந்தபோது ஸ்டாசிக்காரர்கள் கையாலேயே கிழித்துப்போட்ட காகிதங்கள் சுமார் 16,000 மூட்டை. 1995இல் தொடங்கி ஆட்கள் உட்கார்ந்து துண்டு துண்டாக ஒட்டினார்கள். அப்படி மீண்ட தாள்களில் இருந்தும், அந்தக் கட்டடங்களில் வாழ்ந்தவர்களின் நினைவுகளில் இருந்தும்தான் பதிவேடு போன்றவை நாவலுக்குள் வருகின்றன. கிழிப்பதற்கு ஸ்டாசிக்காரர்களுக்காவது ஒரு காரணம் இருந்தது.

கொஞ்சம் கடுமையாகப் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சிறிய சந்தையில் நஷ்டத்துக்குத் துணிந்து இத்தகைய நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவருகிறவர்கள் நீங்கள்தான். வேறு யாரும் செய்யவில்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். வெட்டாமல் போடுங்கள். பக்கம் கூடினால் விலையைக் கூட்டுங்கள், வாங்குகிறோம். வெட்டினால் அட்டையில் சொல்லுங்கள், வாங்குவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவுசெய்துகொள்கிறோம். லைப்சிக் நாவலின் அடுத்த அச்சில் ஏழாம் அத்தியாயத்தைச் சேர்த்துவிடுங்கள். அதுவரை, விடுபட்ட பக்கங்களைத் தனியாக அச்சிட்டு ஏற்கெனவே வாங்கியவர்களுக்குத் தபாலில் அனுப்பினால் நன்றியுடையவர்களாக இருப்போம். தபால் செலவை நாங்களே கொடுக்கிறோம்.

அடுத்து 1980களில் ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டில் நடக்கும் ஒரு நாவல் வரப்போவதாக உங்கள் விளம்பரத்தில் பார்த்தேன். தட்டச்சு இயந்திரத்தைத் தோளில் சுமந்துகொண்டு காவல் நிலைய வரிசையில் ஒருவர் நிற்கிற காட்சி அதில் இருந்தால், எவ்வளவு நீளமாக இருந்தாலும் தயவுசெய்து அதில் கைவைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மர்ம நாவல்களைக் காசு கொடுத்து வாங்கும் வாசகன்