சட்டம் வருமுன்பே மூடியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனில் மூடப்பட்ட சிறு மிருகக்காட்சிசாலைகள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் மிருகக்காட்சிசாலை நடத்த உரிமம் வேண்டும் என்ற 1981ஆம் ஆண்டுச் சட்டம்தான் சிறு ஜூக்களை ஒழித்துக்கட்டியது என்ற முடிவு சரியல்ல. மூடிய ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தாலே போதும். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1984 ஏப்ரல் 30 அன்று. ஆக்ஸ்ஃபோர்டு அருகே கிட்லிங்டனில் 1931ல் திறந்த ஜூ 1937லேயே கடையைக் கட்டிவிட்டது. அதன் விலங்குகள் அப்போது புதிதாகத் திறந்த டட்லி ஜூவுக்குப் போயின. மான்செஸ்டர் பெல் வியூ மூடியது 1977ல். பிளிமத் 1978ல். கோவென்ட்ரி 1980ல். இந்தப் பழியையெல்லாம் பின்னால் வந்த சட்டத்தின் தலையில் எப்படிக் கட்டுவது?

இவற்றை மூடவைத்தது வரவு செலவுக் கணக்கு. பிரிட்டனில் ஜூவுக்குக் கூட்டம் வருவது ஈஸ்டரிலிருந்து அக்டோபர் பள்ளி விடுமுறை வரைதான். அந்த ஆறு ஏழு மாத டிக்கெட் காசில் பன்னிரண்டு மாதத் தீனி, சம்பளம், சூடேற்றும் செலவு எல்லாம் நடக்க வேண்டும். வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு 100 கிலோவுக்குக் குறையாமல் தீனி வேண்டும். சிங்கத்துக்குச் சராசரியாக 5 முதல் 7 கிலோ இறைச்சி. வெளியே உறைபனி கொட்டும்போதும் ஊர்வன இருக்கும் அறையில் 28, 30 டிகிரி வெப்பம் இருந்தாக வேண்டும்; ஒரு ராத்திரி கொதிகலன் நின்றுபோனால் காலையில் உயிர்கள் போயிருக்கும். கூட்டம் இல்லை என்பதற்காக ஜனவரியில் பராமரிப்பாளரை வீட்டுக்கு அனுப்பவும் முடியாது.

பணம் இழுபறியானால் முதலில் நிற்பது பழுதுபார்ப்புதான். துத்தநாகம் பூசிய கம்பிவலை மேலே பளபளவென்று இருக்கும். சிறுநீரும் ஈரமண்ணும் படும் அடிப்பகுதி அரித்துப் பொடியாகியிருக்கும். மரக்கம்பம் தரைமட்டத்தில்தான் உளுக்கும். பெயிண்ட் அடித்தால் வெளியே தெரியாது. வடிகால் அடைத்துக்கொண்டால் தரை காயாது, தரை காயாவிட்டால் குளம்புள்ளவற்றுக்குக் கால் அழுகும், பிறகு மருத்துவச் செலவு. பார்க்க வருபவருக்கு இது எதுவும் தெரியாது. ஏதோ அழுக்காக இருக்கிறது என்று மட்டும் மனதில் படும். அடுத்த ஆண்டு வரமாட்டார். வருமானம் இன்னும் குறையும்.

1970களில் எல்லாம் சேர்ந்து வந்தது. மலிவு விலை ஸ்பெயின் சுற்றுலா, கடற்கரை ஊர்களின் கோடைக் கூட்டத்தைக் கொண்டுபோனது. 1973ல் எண்ணெய் விலை ஏறியது. 1974ல் வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பு ஆணை வந்து, இறக்குமதியாகும் பல வகைப் பாலூட்டிகளை ஆறு மாதம் தனிமைக் கூடத்தில் வைக்க வேண்டியதாயிற்று. 1976ல் அருகிவரும் உயிரினங்களின் ஏற்றுமதி இறக்குமதிக்குத் தனிச் சட்டம். அதுவரை சிறு ஜூக்களின் வழக்கம், ஒன்று செத்தால் வியாபாரியிடம் இன்னொன்றை வாங்கிக்கொள்வது. அந்த வழி அடைபட்டது. இதற்கிடையே சஃபாரி பூங்காக்கள் வேறு. 1966ல் லாங்லீட்டில் சிங்கங்களுக்கு நடுவே காரில் போகலாம் என்றானபின், நகரப் பூங்காவின் ஒரு மூலையில் ஒற்றைச் சிங்கத்தைக் கூண்டில் பார்க்க யார் காசு கொடுப்பார்கள்? இதில் ஒரு வேடிக்கை: லாங்லீட்டைத் தொடங்கிவைத்த சிப்பர்ஃபீல்டு சர்க்கஸ் குடும்பம்தான் பிளிமத்திலும் சௌதாம்ப்டனிலும் சிறு ஜூ நடத்தியது.

கட்டுரை அடியோடு விட்டுவிட்ட இன்னொன்றும் உண்டு. மூடிய பிறகு விலங்குகள் என்ன ஆயின?

பழைய காலத்தில் அதற்கு ஒரே வழி ஏலம். நடமாடும் விலங்குக் காட்சி ஒன்று 1872ல் எடின்பரோவில் ஏலத்துக்கு வந்தபோது, மகாராஜா என்ற ஆசிய யானையை பெல் வியூ 680 பவுண்டுக்கு எடுத்தது. ரயிலில் ஏற்றினார்கள், பெட்டியை உடைத்துவிட்டது. பிறகு பாகன் அதை மான்செஸ்டர் வரை நடத்தியே கூட்டிவந்தார், பத்து நாள். அதன் எலும்புக்கூடு இன்றும் மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. வாங்க ஆள் இருந்ததால் அதற்குப் பத்தாண்டு வாழ்வு கிடைத்தது. லண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில் எக்ஸெட்டர் சேஞ்ச் கட்டடத்தின் மாடி அறையில் அடைபட்டிருந்த சுனி என்ற இந்திய யானைக்கு அந்த வழியும் இல்லை. மதம் பிடிக்கும், தந்தத்தில் சீழ். 1826ல் அந்த அறையிலேயே சிப்பாய்களைக் கூப்பிட்டுச் சுட்டார்கள், 152 குண்டுகள். மூன்று ஆண்டில் கட்டடமும் இடிபட்டது. மிச்ச விலங்குகளை உரிமையாளர் எட்வர்ட் கிராஸ் சர்ரே தோட்டத்துக்குக் கொண்டுபோனார். 1850களின் நடுவில் அந்தத் தோட்டத்து விலங்குகளையும் விற்றுவிட்டு அங்கே இசை அரங்கம் கட்டினார்கள்.

நூறாண்டுக்கு மேல் கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1977 செப்டம்பரில் பெல் வியூ மூடியபோது கடைசியில் தங்கிப்போனது எல்லி மே என்ற யானை. முரட்டு யானை என்று பெயர் எடுத்துவிட்டதால் எடுத்துக்கொள்ள ஆளில்லை. கடைசியில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஜூ முன்வந்தது. அதற்குள் அது நோயில் விழுந்துவிட்டது, பயணம் நடக்கவேயில்லை.

எடுத்துக்கொள்ள ஆளில்லை என்பது வெறும் மனமின்மை அல்ல, காரணங்கள் உண்டு. பரம்பரைப் பதிவேட்டில் பெயர் இல்லாத புலியை, அதுவும் இரண்டு உள்ளினங்கள் கலந்து பிறந்ததை, இனப்பெருக்கத் திட்டம் எதுவும் தொடாது. மக்காக் குரங்குகளிடம் ஹெர்பீஸ் பி வைரஸ் இருக்கலாம். மனிதருக்குத் தொற்றினால் உயிருக்கே ஆபத்து. பபூன் குரங்குக் கூட்டத்தைப் பிரித்து நாலு இடத்துக்கு அனுப்பினால் ஒவ்வொரு இடத்திலும் தலைமைச் சண்டை. யானை என்றால் காசநோய்ப் பரிசோதனை முடியாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள். கிழடு, தனி ஆண், பிறப்பு விவரம் தெரியாதது: சிறு ஜூக்களில் இவைதான் அதிகம்.

இடம் கிடைத்தாலும் நினைத்தவுடன் தூக்கிக்கொண்டு போக முடியாது. முறையாகச் செய்பவர்கள் பயணப் பெட்டியைச் சில வாரங்கள் முன்பே அடைப்புக்குள் வைத்து, இருபுறக் கதவையும் திறந்து கட்டிவிட்டு, தீனியை அதற்குள்ளேயே வைத்துப் பழக்குவார்கள். விலங்கு பயமில்லாமல் உள்ளே நின்று தின்னும் நாள் வந்தபின்தான் கதவை இறக்குவது. அவசரம் பிடித்தவர்கள் மயக்க ஊசி போடுவார்கள். ஊசி குறி தவறலாம். அளவு கூடினால் மூச்சு நிற்கலாம். அரை மயக்கத்தில் கழுத்து மடங்கி மூச்சு முட்டலாம். மான் வகைகளின் பெட்டி இருட்டாக, திரும்ப முடியாத அகலத்தில் இருக்க வேண்டும். திரும்ப இடம் கொடுத்தால் காலை முறித்துக்கொள்ளும். ஒட்டகச்சிவிங்கிதான் பெரும் தலைவலி. உயரம் குறிக்காத பிரிட்டன் சாலைப் பாலங்களின் அடியில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி 16 அடி 6 அங்குலம். வளர்ந்த ஆண் தனியாகவே அந்த உயரத்தைத் தாண்டலாம், லாரித் தட்டின் உயரம் வேறு. அதனால்தான் அவற்றைக் குட்டியிலேயே இடம் மாற்றுகிறார்கள். மூடும் ஜூவில் இருப்பதோ பெரியவை.

சட்டம் இந்தப் பிரச்சினைக்குள் வந்தது 1984லும் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999ஆம் ஆண்டு நெறிமுறையை ஒட்டி, 1981 சட்டத்தில் 2003 முதல் புதுப் பிரிவுகள் அமலாயின. அதன்பின் ஜூவை மூடும் உரிமையாளர், ஒவ்வொரு விலங்கும் எங்கே போகும், அதுவரை யார் பார்த்துக்கொள்வார் என்று உள்ளாட்சிக்கு எழுத்தில் திட்டம் தர வேண்டும். ஒப்புதல் கிடைக்காமல் எதையும் கைமாற்றக் கூடாது. அவர் செய்யாவிட்டால் உள்ளாட்சியே செய்ய வேண்டும். ஜூ உரிமம் போனபின் எஞ்சி நிற்கும் ஆபத்தான விலங்குகளுக்கு 1976ஆம் ஆண்டின் அபாயகர வனவிலங்குச் சட்டப்படி தனி உரிமமும் காப்பீடும் வேண்டும். ஆக, சட்டத்தின் மீது குறை சொல்வதானால், அது தாமதமாக வந்தது என்று சொல்லலாம்.

தாளில் உள்ளது களத்தில் அப்படியே நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 2017ல் வேல்ஸின் போர்த் என்ற ஊரில் ஒரு சிறு ஜூவிலிருந்து லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை ஒன்று தப்பி, உள்ளாட்சி உத்தரவின் பேரில் சுடப்பட்டது. அதே காலத்தில் அங்கே இன்னொரு லின்க்ஸ், அடைப்பு மாற்றும்போது கையாண்ட விதத்தால் மூச்சுத்திணறிச் செத்தது. தூரப் பயணம்கூட இல்லை; ஒரே வளாகத்துக்குள். பணமும் ஆளும் உள்ள பெரிய நிறுவனத்துக்கே இது எளிதல்ல. 1836ல் தொடங்கிய பிரிஸ்டல் ஜூ கிளிஃப்டன் வளாகத்தை 2022 செப்டம்பரில் மூடி, ஊருக்கு வெளியே உள்ள தன் இன்னொரு பூங்காவுக்கு மாறியது. புது இருப்பிடம் தயாராகாததால் 2025 கோடையிலும் கொரில்லாக்கள் பழைய வளாகத்தில்தான் இருந்தன. கைவிட்டுவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பி, பராமரிப்பாளர்கள் தினமும் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நிர்வாகம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால், 2021 முதல் ஐரோப்பிய ஜூக்களுக்கு விலங்கு அனுப்புவதும் எல்லைத் தாள்களால் கடினமாகிவிட்டது. எல்லி மேக்கு முன்வந்தது போல ராட்டர்டாம் இன்று முன்வந்தாலும் அனுமதிச் சீட்டுக்கே மாதங்கள் ஆகலாம்.

இடிபாடுகளை நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. லீட்ஸ் ஹெடிங்லியில் 1840ல் திறந்து 1858ல் மூடிய தோட்டத்தில் எஞ்சியிருப்பதில் முக்கியமானது கார்டிகன் சாலையோரக் கரடிக் குழி. கோட்டை வாசல் போல இரண்டு சிறு கோபுரங்கள். பின்னால் வட்டமான குழி. கோபுரப் படியேறி மேலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை திறக்கலாமா என்ற தகராறில் அந்தத் தோட்டம் அடிபட்டது. வாரத்தில் ஆறு நாள் மில்லில் உழைத்தவர்களுக்கு வேறு எந்த நாள் ஓய்வு?

இந்தத் தொடர் தொடர்வதானால், அடுத்த பகுதிக்கு உள்ளாட்சிகளின் உரிமக் கோப்புகளையும் ஆய்வறிக்கைகளையும் பரம்பரைப் பதிவேடுகளையும் உங்கள் கட்டுரையாளர் பார்க்க வேண்டுகிறேன். பதிவேட்டில் ஒவ்வொரு விலங்குக்கும் எண், பிறந்த இடம், மாறிய தேதி, மாறிய இடம், இறந்த தேதி எல்லாம் இருக்கும். மூடிய ஜூவின் பெயரை வைத்துத் தேடினால், அங்கிருந்து உயிரோடு போனவை எத்தனை, எங்கே என்று வரிவரியாகக் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்