கோக்காலையும் பார்த்துவிட்டுப் போங்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஜனவரியில் நண்பர்களோடு ஊட்டி வருவதாகவும், தோடர் பழங்குடியினரின் ஊரான மந்து ஒன்றைப் பார்க்க அவர்கள் ஆசைப்படுவதாகவும் எழுதியிருந்தாய். ரொம்பச் சந்தோஷம். ஆனால் மலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் தோடரை மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடுவது எனக்குச் சரியாகவே படவில்லை. தோடரோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இன்னொரு பழங்குடியான கோத்தரைப் பற்றியும் நீ உன் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும்.

தோடர் எருமையை நம்பி வாழ்ந்தவர்கள், மரக்கறி சாப்பிடுகிறவர்கள். பால் கறந்து கடைகிற இடம்தான் அவர்களுக்குக் கோவில். வண்டிக் கூண்டு மாதிரி வளைந்த கூரை. தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். அவர்கள் போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளி என்ற பூவேலைச் சால்வையைக் கையில் வாங்கிப் பொறுமையாகப் பார். கோடு எதுவும் போடாமல், துணியின் இழையை எண்ணி எண்ணிக் கறுப்பும் சிவப்புமாகத் தைக்கிறார்கள் அந்தப் பெண்கள். உள்பக்கம் என்று நாம் நினைக்கும் புடைத்த பக்கம்தான் அவர்களுக்கு வெளிப்பக்கம். 2013-ல் அந்தத் தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கோத்தர் வேறு மாதிரி. மந்தில் சில வீடுகள்தான் இருக்கும். கோக்கால் என்னும் கோத்தர் ஊரில் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும். மொத்தமே ஏழு ஊர். கொல்லுலை, தச்சு, இசை, விவசாயம் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். பானை வனைவது பெண்கள். தோடர் வீட்டுக் கத்தியும் சட்டியும் கோத்தர் கொடுத்தவை. தோடர் சாவுக்கு எருமை பலியிட்டபோது கொள் என்னும் குழலை ஊதித் தபட்டை அடித்தவர்களும் அவர்கள்தான். பதிலுக்கு நெய்யும் பலியான எருமையும் வந்தன. அப்படியும் தோடரின் புனிதமான பால் கோவில்களுக்குள் கோத்தர் பானை போகாது. இறைச்சி சாப்பிடுகிறவர்கள், கைத்தொழில்காரர்கள் என்று ஒரு படி கீழேதான் வைத்தார்கள். 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறியதற்குப் பிறகு வந்த வெள்ளைக்காரர்களும் தோடரை வியந்து பக்கம் பக்கமாக எழுதினார்கள். கோத்தரை அசுத்தமானவர்கள் என்று இழிவாக எழுதினார்கள். நம் சுற்றுலாவும் இன்னும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறது. இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது பாப்பா.

சந்தைக்கு மலிவான இரும்பும் பாத்திரமும் வந்தபின் அந்தக் கொடுக்கல் வாங்கல் தேய்ந்தது. 1930களில் மலையில் விவசாயம் செய்யும் படகர் சமூகத்தாரும் கோத்தர் இசையைக் கைவிடத் தொடங்கினார்கள். தோடருக்கு அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. சீகை மரமும் தைல மரமும் தேயிலையும் புல்வெளியை விழுங்கிவிட்டன. எருமைக்கு மேய்ச்சல் குறைந்தது. கோவில் கூரை வேய்கிற சதுப்புப் புல்லுக்கே இப்போது அலைய வேண்டியிருக்கிறது.

கோத்தரின் தெய்வமான கம்பட்டராயரின் திருவிழா பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில்தான் வரும். நீங்கள் வரும் நாளில் அமைந்தால் ஊர்ப் பெரியவர்களிடம் முன்கூட்டியே கேட்டு வைக்கிறேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம். சரி என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு, கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்து அந்தக் கொள் வாசிப்பைக் கேட்போம். தேதியை மட்டும் சீக்கிரம் எழுது.

அன்புடன்,
அப்பா