யூரோ கட்டுரையில டெலோர் எங்க?

ஆசிரியருக்கு வணக்கம்,

யூரோ வந்த கதைன்னு உங்க ஞாயிறு இதழ்ல போட்டிருந்த கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா முதல்லேருந்து கடைசி வரைக்கும் பிரான்ஸ் ஜனாதிபதி மித்தரானும் ஜெர்மனி சான்சலர் ஹெல்மட் கோலும் மட்டும்தான், அப்ப ஐரோப்பிய கூட்டமைப்போட நிர்வாக அமைப்பான ஐரோப்பிய கமிஷனுக்குத் தலைவரா இருந்த ஜாக் டெலோர் பேரு ஒரு எடத்துலகூட வரல. பெர்லின் சுவர் விழுந்துச்சு, அப்பறம் ரெண்டு பேரும் பேரம் பேசுனாங்க, யூரோ வந்துச்சுன்னு முடிச்சிட்டீங்க. சுவர் விழுந்தது 1989 நவம்பர்ல, ஆனா பொது நாணயத்துக்கு மூணு கட்டமா எப்படிப் போகணும்னு மத்திய வங்கி கவர்னர்கள உக்காரவெச்சு டெலோர் தயாரிச்ச ரிப்போர்ட் அந்த வருஷம் ஏப்ரல்லயே வந்தாச்சு, யூரோவுக்கு வழி போட்ட மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்துக்கு அடிப்படையே அதுதாங்க.

அந்த மனுஷன் வந்த வழியும் தெரியணும். அப்பா பிரான்ஸ் மத்திய வங்கியில சாதாரண ஊழியர், இவரும் அங்கயே வேலைக்குச் சேந்து, தொழிற்சங்கத்துலயும் இருந்து, 1979ல ஐரோப்பிய பார்லிமென்ட் உறுப்பினராகி, 1981ல மித்தரான் அரசுல நிதி அமைச்சர் ஆனாரு. 1985ல ஐரோப்பிய கமிஷன் தலைவர். பதவி ஏக்கறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு தலைநகரா போயி நாணயம், ராணுவம், அமைப்பு சீர்திருத்தம், ஒரே சந்தை (நாடுங்களுக்குள்ள தடையில்லாம வியாபாரம் நடக்கறது)ன்னு எல்லாத்தையும் பேசிப் பாத்தாரு, சந்தைக்கு மட்டும்தான் பிரிட்டன் பிரதமர் தாட்சர் உட்பட எல்லாரும் சரின்னாங்க. உடனே அதையே கெட்டியா புடிச்சுக்கிட்டு 1992 கடைசிக்குள்ள முடிக்கணும்னு கெடு வெச்சாரு பாருங்க, எனக்கு அங்கதான் அவர் மேல மரியாதை.

அப்பல்லாம் ஒரு லாரி பிரான்ஸ்லேருந்து இத்தாலிக்குப் போகணும்னா டிரைவர் கையில ஒரு கட்டு பேப்பர் இருக்கணும், எல்லையில கஸ்டம்ஸ்காரங்க பாத்து சீல் குத்தற வரைக்கும் வரிசையில கெடக்கணும், 1984 பிப்ரவரியில லாரிக்காரங்க பொறுமை போயி பிரான்ஸ்ல ரோடையே மறிச்சுட்டாங்க. இதை மாத்த கிட்டத்தட்ட 300 சட்டம் கொண்டு வரணும், ஆனா ஒரே ஒரு நாடு வேணாம்னா எல்லாம் நின்னுடும். அதனால 1986ல ஒற்றை ஐரோப்பிய சட்டம்னு கையெழுத்து வாங்கி, சந்தை விஷயம் பெரும்பாலானதுக்கு மெஜாரிட்டி ஓட்டு போதும்னு ஆக்கினாங்க. 1993 ஜனவரி 1லேருந்து சரக்குக்கு உள் எல்லையில அந்த கஸ்டம்ஸ் சோதனையே கெடையாது.

எராஸ்மஸ் திட்டமும் அவர் காலத்துல 1987ல ஆரம்பிச்சதுதான், முதல் வருஷம் 3,244 ஸ்டூடண்ட்ஸ் வேற நாட்டுக்குப் போயி படிச்சாங்க.

யூரோவுல குறையே இல்லன்னு நான் சொல்லல. நாணயம் ஒண்ணாச்சு, பட்ஜெட்டும் பொருளாதாரக் கொள்கையும் அந்தந்த நாட்டுகிட்டயே நின்னுபோச்சு, 2010க்கு அப்பறம் கிரீஸ் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். ஆனா ரெண்டும் சேந்து போகணும்னு டெலோர் ரிப்போர்ட்லயே இருந்துச்சு, அரசுங்கதான் அந்தப் பாதிய ஒழுங்கா எடுத்துக்கல. கட்டுரையில பழிய பொத்தாம்பொதுவா "பிரஸ்ஸல்ஸ் அதிகாரிங்க" (அதாவது ஐரோப்பிய கமிஷன்காரங்க) மேல போட்டது நியாயமே இல்லைங்க.

1994 டிசம்பர்ல கருத்துக்கணிப்புல முன்னாடி இருந்தும், தன் கொள்கைய நடத்த பார்லிமென்ட்ல மெஜாரிட்டி கெடைக்காதுன்னு டிவியில சொல்லிட்டு டெலோர் பிரான்ஸ் ஜனாதிபதி தேர்தல்ல நிக்கல. அதனாலயே வெளியில பேரு கம்மியா தெரியுது போல. 2023 டிசம்பர்ல 98 வயசுல எறந்தாரு.

அடுத்த வாரம் ரெண்டாவது பகுதி வருதுன்னு போட்டிருக்கீங்க, அதுலயாவது அந்த ஏப்ரல் 1989 ரிப்போர்ட்ட சேத்து எழுதுங்க.

இப்படிக்கு,
உங்க நீண்டநாள் வாசகர்